கோலின் அடியில் கருங்காலி

தீவகத் துறைகள் வழியே – 17

பில்லியட்ஸ் கோலுக்கும் காரைநகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றுமில்லை. அதன் அடியில் சேரும் கருங்காலி இங்கே முளைப்பதில்லை. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிதாகப் படிந்த மண்ணும், சற்று ஆழத் தோண்டினால் உவர்த்துவிடும் கிணறும் உள்ள தீவில் பனையும் பூவரசும் வேம்பும் நிற்கும். வைரம் பாய்ந்த காட்டு மரத்துக்கு வன்னிக்குத்தான் போகவேண்டும். இருந்தும் அந்தக் கோலை இத்தொடருக்குள் இழுத்து வரக் காரணம் உண்டு. இதுவரை பார்த்த யானை, சங்கு, பனைமரம் எல்லாம் அரசு கணக்கு வைத்த பொருள்கள். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றப் பண்டங்கள் ஏற்றிய கப்பலானால் சரிபாதி என்று 12ஆம் நூற்றாண்டிலேயே முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவுக் கல்வெட்டில் விதித்துவிட்டான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடற்கோட்டை நின்று காவல் காத்ததும் இந்த வரும்படிக்காகத்தான். இத்தகைய பொருள்களின் கதையை ஏட்டிலிருந்தே எழுதிவிடலாம். காட்டை விட்டுப் போன கருங்காலியோ, போன இடத்தில் பெட்டியாகவும் கத்திப் பிடியாகவும் பியானோவின் கறுப்புக் கட்டையாகவும் உருமாறித் தன் ஊர்ப் பெயரைத் தொலைத்துவிட்டது. அதைத் தேடிப் போகிறவர் பொருளையே வாசிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். பழைய பில்லியட்ஸ் கோல்களைச் சேகரிப்போர் அந்த வாசிப்பில் கைதேர்ந்தவர்கள். பொருளின்மேல் எழுதியிருக்கும் பெயரைவிட அது பொருத்தப்பட்ட விதம் நல்ல சாட்சி. மரம் இரண்டிலிருந்தும் வேறுபட்ட ஒரு சாட்சி, கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொல்லும். வரலாறு எழுதுவோர் அவர்களிடம் கற்கவேண்டியது இது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கோல் எது என்று தெளிவாகட்டும். ஆங்கிலத்தில் கியூ என்றும், நம் பக்கத்தில் கோல், தடி என்றும் சொல்லப்படும் இந்தச் சாமான் ஆதியில் தடியே அல்ல. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் பந்தைத் தள்ளியது நுனியில் மரக்கட்டை பொருத்திய ஒரு துடுப்பால். மேசையின் ஓரத்தில் பந்து ஒட்டிக்கொண்டால் கட்டை இடிக்கும். அப்போது துடுப்பைத் திருப்பிப் பிடித்து அதன் வாலால் அடித்தார்கள். வாலுக்குப் பிரெஞ்சு மொழியில் உள்ள சொல்தான் கியூ. பிறகு வாலே ஆட்டக்காரனின் கைக்கு உகந்ததாகி, துடுப்பு மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை அதிகாரி மிங்கோ அதன் நுனியில் தோல் ஒட்டினார். சிறையில் இருந்தபோது இந்த யோசனை பிறந்தது என்பது வழக்கு. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் நுனியில் சுண்ணம் பூசிப் பந்தைச் சுழலவைக்கும் வித்தையைக் காட்டினார். 1826இல் லண்டன் தேர்ஸ்டன் கம்பெனி மரப்பலகைக்குப் பதிலாகக் கற்பலகையில் மேசை செய்தது. 1835இல் ஓரங்களுக்கு இறப்பர் வந்தது. மேசை திருத்தமாகத் திருத்தமாகக் கோலும் திருத்தமாக வேண்டியிருந்தது. அந்தப் பழைய துடுப்புக் காலத்தின் தழும்பு ஒன்று இன்றைக்கும் ஆங்கிலக் கோலில் இருக்கிறது: உருண்டையான அடிப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அடியைத் திருப்பி மேசைமேல் படியவைத்துப் பந்தை அடித்த பழக்கத்தின் மிச்சம் அது என்பர். இப்போது அந்தத் தட்டையில் பெயர்த்தகடு ஒட்டப்படுகிறது.

அந்த அடிப்பகுதியைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் படுவது நிறம். கோலின் நீளம் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். எடை 16 முதல் 18 அவுன்ஸ். முன்பகுதி ஆஷ் மரம், நாளாவட்டத்தில் தேன் நிறமாக முதிர்ந்திருக்கும். அதன் ரேகைகள் அம்பு முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுபோல் நுனிவரை ஓடும். நுனியில் உலக்கைக்குப் போடுவதுபோல் பித்தளைப் பூண். மிகப் பழையவற்றில் பூணே இராது. அடிப்பகுதியில் இருந்து நாலு கறுப்பு இதழ்கள் அந்த வெளிர் மரத்தின்மேல் ஏறிக் குவியும். ஆஷ் தடியின் அடியை முதலில் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் சரிவாகச் சீவி, கருங்காலிச் சிம்புகளை வச்சிரம் போட்டு ஒட்டி, காய்ந்தபின் மற்ற இரண்டு பக்கங்களையும் அப்படியே சீவி ஒட்டி, பிறகு முழுவதையும் சீவுளியால் உருட்டி எடுப்பார்கள். சரிவான தளமும் உருண்டையும் சந்திக்கும் கோடு வளைந்துதான் வரும். அதனால் கைவேலையில் இதழின் நுனி விரல் நகம்போல் வளைந்திருக்கும். நாலு நுனியும் ஒரே மட்டத்தில் வந்து நிற்பது தச்சனின் தேர்ச்சி. கருங்காலிக்கும் ஆஷுக்கும் நடுவே சிவப்போ பச்சையோ ஒரு மெல்லிய தகடு வைத்துக் கோடு இழுப்பதும் உண்டு. எந்திரப் பொருத்து வேறு மாதிரி. இரண்டு மரங்களிலும் ஆப்பு வடிவில் வெட்டி, இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று செலுத்துவார்கள். நுனிகள் ஊசிபோல் நேராகக் கூர்ந்து நிற்கும். நகமா ஊசியா என்ற இந்த ஒரு பார்வையே சேகரிப்போரின் முதற் சல்லடை.

இந்த வேறுபாடு வெறும் அழகுச் சங்கதி அல்ல, சாட்சியத்தின் தரத்தைப் பற்றியது. பொருத்து என்பது செய்த கையின் பழக்கம். விற்கும்போதோ பழுது பார்க்கும்போதோ அதை மாற்ற வேண்டுமானால் கோலையே புதிதாகச் செய்யவேண்டும். தகடு அப்படியல்ல. பழைய தகடுகள் தந்தம்போல் தோன்றும் செலுலாயிட். ஒட்டியும் சிறு ஆணி அறைந்தும் வைத்தவை. கிளம்பினால் இன்னொன்றில் ஒட்டலாம், ஒட்டவும் செய்தார்கள். அதைவிட அடிப்படையான சங்கடம், தகட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் செய்தவனுடையதே அல்ல என்பது. ஆட்டக்காரனின் பெயரை வாங்கி விற்பனைக்காகப் பொறித்தார்கள். வோல்டர் லிண்ட்ரமின் பெயரும் 4137 என்ற எண்ணும் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியரான லிண்ட்ரம் ஒரே தடவையில் 4137 புள்ளி எடுத்தது 1932 ஜனவரியில், லண்டன் தேர்ஸ்டன் மண்டபத்தில், ஜோ டேவிஸுக்கு எதிராக. ஆகவே அந்தத் தகடு 1932க்கு முந்தியதாக இருக்கமுடியாது. அவ்வளவுதான் அது உறுதியாகச் சொல்லும். 1932இலா, அடுத்த 20 ஆண்டுகளிலா, எப்போது அச்சானது என்று சொல்லாது. கீழே இருக்கும் கோல் அந்தத் தகட்டோடு பிறந்ததா என்றும் சொல்லாது. நீளத்தையும் நம்பமுடியாது, வளைந்த நுனியை வெட்டிக் குறுக்குவதும் அடியில் ஒட்டு வைத்து நீட்டுவதும் சாதாரணம். தோல் நுனி நூறு தடவை மாறியிருக்கும். மாறாதது பொருத்து ஒன்றே.

நம் பக்கத்திலேயே இதற்கு ஈடான தகடு ஒன்று கிடக்கிறது. காரைநகர் 1920களுக்கு முன் காரைதீவு. மட்டக்களப்புக்குத் தெற்கே, 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரும் காரைதீவு. புத்தளத்துப் பக்கம் மூன்றாவது காரைதீவு ஒன்று உண்டு. பழைய கணக்கு ஒன்றில் 'காரைதீவிலிருந்து வந்த சரக்கு' என்று கண்டவுடன் நம்மூர்ப் பெருமையைப் பாட ஆரம்பிப்பவர், லிண்ட்ரம் தகட்டைக் கண்டதும் லிண்ட்ரம் ஆடிய கோல் என்று விலை பேசுபவரின் சகோதரர். எந்த மாகாணத்துக் கணக்கு, எந்தச் சரக்கு, எந்தத் துறை என்று பொருத்தைப் பார்த்த பிறகுதான் பெயருக்கு மதிப்பு.

இதற்கு ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்பு. பெயரை இவ்வளவு தாழ்த்தினால் செய்தவனின் பெயருக்கே மதிப்பு வரும் கோல்கள் என்ன ஆவது? அமெரிக்காவில் ஜோர்ஜ் பாலபுஷ்கா என்ற பெயர் அப்படிப்பட்டது. ரஷ்யாவில் 1912இல் பிறந்து, 1924இல் அமெரிக்கா போய், 1959 முதல் 1975இல் இறக்கும்வரை அவர் செய்த கோல்கள் ஏறக்குறைய 1,200. இன்று அவற்றுக்குச் சொத்தின் விலை. ஆனால் இந்த உதாரணம் என் பக்கத்துக்கே பேசுகிறது. அவருடைய கோல்கள் பலவற்றில் கையெழுத்தே கிடையாது. பிடியில் சுற்றிய நூல், நடுமூட்டின் உலோகம், வளையங்களின் வரிசை, அடிமரத்தின் பொருத்து என்பவற்றைச் சேர்த்து வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். தொடக்கத்தில் அவர் பிரன்ஸ்விக் கம்பெனியின் 'டைட்லிஸ்ட்' என்ற ஒற்றைத் தடியை வாங்கி, இரண்டாக்கிப் புதுக்கினார். அந்த மூலத்தடி ஊசிமுனைப் பொருத்துள்ளது. ஆகவே ஊசிமுனை கண்டாலே மலிவு என்ற அவசரத் தீர்ப்பும் தவறு. ஆங்கிலக் கோலில் செல்லும் விதி அமெரிக்கக் கோலில் செல்லாது. 1986இல் வந்த 'தி கலர் ஒஃப் மணி' திரைப்படத்தில் பாலபுஷ்கா என்று காட்டப்பட்ட கோல், வேறொரு கம்பெனி அதன் சாயலில் செய்தது. பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

விளையாட்டின் வரலாற்றுக்கே ஒரு தகடு ஒட்டப்பட்டிருப்பதையும் சொல்லவேண்டும். 1875இல் ஜபல்பூர் படைவிடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, பூல் என்று பந்தயம் வைத்து ஆடிய ஆட்டத்தில் நிறப்பந்துகளைக் கூட்டி ஸ்னூக்கரைத் தொடங்கினார். 1882இல் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன என்பது எல்லோரும் சொல்லும் கதை. உதகை கிளப்பில் அந்த அறையை இன்றும் காட்டுகிறார்கள். இந்தக் கதையின் பெரிய ஆதாரம் சேம்பர்லின் 1938இல், 63 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு லண்டன் பத்திரிகைக்கு எழுதிய கடிதம். பொய் என்று நான் சொல்லவில்லை. அக்கால அதிகாரிகள் வேறு சிலரும் அவர் பக்கம் பேசியிருக்கிறார்கள். ஸ்னூக்கர் என்ற சொல் வூல்விச் படைக்கல்லூரியில் முதலாண்டு மாணவரைக் கேலி செய்யும் சொல் என்பதும் பொருந்துகிறது. ஆனால் 63 வருடத்து ஞாபகம் ஒரு தகடுதான். விதி உதகையில் உறுதிப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜபல்பூரில் ஒரே மாலையில் ஒரே மனிதரிடம் பிறந்தது என்பதை அவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன். சூதாட்ட மேசையில் நாலு பேர் கூடினால் விதி நாலு பக்கமும் வளரும்.

இனி மரத்துக்கு வருவோம். கருங்காலியின் கறுப்பு முழு மரத்திலும் இல்லை. வெளியே வெளிறு, மங்கலான மஞ்சள். உள்ளே வைரம், மை. இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் எல்லை. வைரத்தைத் தண்ணீரில் போட்டால் தாழும். இந்தப் பாரம்தான் அதைக் கோலின் அடிக்குக் கொண்டுபோனது: இலேசான ஆஷுக்குப் பின்னால் பாரமான அடி இருந்தால் கையின் தள்ளல் நேராக வரும். உலக்கைக்கும் அதே காரணத்தால்தான் கருங்காலி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டக் கொடுத்ததால் துரோகிக்கும் அதன் பெயர் வந்தது. வேலைநிறுத்தத்தை உடைப்பவனை இன்றும் தொழிற்சங்கத்தார் அப்படித்தான் ஏசுவர். பெயரில் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுச் சித்த வைத்திய வழக்கில் கருங்காலி என்பது காசுக்கட்டி தரும் முள்மரம். நாம் இலங்கையில் சொல்வது தும்பிலி இனத்து மரம், தாவர நூலார் டயோஸ்பைரோஸ் எபெனம் என்பது. அதே மரம் தென்னிந்தியாவிலும் வளரும். மரக்கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இது வன்னியா, திருவாங்கூரா என்று பழைய தச்சனாலும் சொல்லமுடியாது.

அந்த இயலாமையை அக்கால எழுத்தும் உறுதிசெய்கிறது. 1859இல் எமர்சன் டெனன்ற் தம் இலங்கை நூலில், திருகோணமலைக்கு மேற்கே உள்ள சமதரைக் காடுகளில் கருங்காலி ஏராளம் என்றும், இரண்டடி விட்டமுள்ள வைரக்கட்டை எளிதாகக் கிடைக்கும் என்றும், மொறீசியஸ் மரத்தைவிட இதன் கறுப்பு சீரானது என்றும் எழுதினார். அதற்கு 16 ஆண்டு முன்பு, 1843இல், கடைச்சல் வேலைக்கு லண்டனில் பெரிய நூல் எழுதிய சார்ல்ஸ் ஹோல்ட்ஸாப்ஃபெல் நேர்மாறாக மொறீசியஸ் மரத்துக்கே முதலிடம் தந்தார்; இலங்கை, இந்தியா, கிழக்கிந்தியத் தீவுகள் எல்லாவற்றையும் ஒரே வகையாக்கி, சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பலேறுவது என்றார். ஒருவர் காட்டைப் பார்த்து எழுதினார், மற்றவர் பட்டறைக்கு வந்த கட்டையைப் பார்த்து எழுதினார். கட்டை பட்டறைக்கு வரும்போதே ஊர்ப்பெயர் உதிர்ந்துவிட்டது என்பதற்கு ஹோல்ட்ஸாப்ஃபெல்லின் அந்தக் கலவையே சாட்சி. கறுப்பாகத் தெரிவதெல்லாம் கருங்காலியும் அல்ல. சுலவேசியின் மக்காசர் கருங்காலியில் பழுப்பு வரிகள் ஓடும். ஆபிரிக்கக் கட்டையில் சாம்பல் நிறம் கலக்கும். மலிவான கோல்களில் வெளிர் மரத்துக்குச் சாயமேற்றியிருப்பார்கள். பிடிக்கும் இடம் தேய்ந்து வெளுத்திருந்தால், அல்லது அடிபட்ட மூலையில் வெள்ளை தெரிந்தால், குட்டு வெளிப்படும். உண்மைக் கருங்காலி எவ்வளவு தேய்ந்தாலும் தேயும் இடமும் கறுப்பே. அதன் நோய் வேறு, காய்ந்து ரேகை வழியே மயிர்க்கோடாக வெடிப்பது.

'இலங்கைக் கருங்காலி' என்று எழுதி விற்கப்படும் ஒவ்வொரு பழங்கோலும் வன்னிக் காட்டின் துண்டு என்று சொல்வதற்கு, ஆகவே, இடமில்லை. விக்ரோறியா காலத்து நல்ல ஆங்கிலக் கோல்களில் ஒரு பகுதி இலங்கையின் மரம் என்று மொத்தமாகச் சொல்லலாம். கையில் இருக்கும் இந்தக் கோல் என்று சுட்டமுடியாது. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அவர்களுக்கு இனிக்கும் கதை இன்னொன்று உண்டு: ஊர்காவற்றுறையிலிருந்து போன யானைகளின் தந்தம்தான் பில்லியட்ஸ் பந்தானது என்பது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. இங்கிருந்து ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறியவை உயிருள்ள யானைகள். வாங்கியவர் கோல்கொண்டா, வங்காளத்து வியாபாரிகள், அரண்மனைக்கும் படைக்கும். இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளது பத்தில் ஒன்றுகூட இல்லை. பெண்ணுக்கு வெளியே தெரியும் தந்தமே கிடையாது. பந்து செய்வோர் தேடியது ஆபிரிக்கப் பெண் யானையின் நேரான சிறு தந்தம். அது அருகி விலை ஏறியதால்தான் 1860களில் நியூயோர்க் மேசைக் கம்பெனி ஒன்று மாற்றுப் பொருளுக்கு 10,000 டொலர் பரிசு அறிவித்தது, ஜோன் வெஸ்லி ஹயற் செலுலாயிட் பக்கம் திரும்பினார். அந்தச் செலுலாயிட்தான் பின்பு கோலின் பெயர்த்தகடும் ஆயிற்று. யானைக் கதை காலத்திலும் பொருளிலும் உடைகிறது. கருங்காலிக் கதையில் மரமும் காலமும் வியாபாரமும் ஒத்துப்போகின்றன, ஊர் மட்டுமே நிறுவ இயலாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல.

வெள்ளைக்காரரின் கிளப் விளையாட்டுக்கு நம் வரலாற்றில் இவ்வளவு பக்கம் எதற்கு என்பார் உண்டு. கிளப்பின் கதவு மூடியிருந்தது மெய். ஆயினும் 1958இல் வில்சன் ஜோன்ஸ் இந்தியாவுக்கும், 1973இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாஃபீர் இலங்கைக்கும் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அது யாருடைய விளையாட்டு என்ற வழக்கு முடிந்துவிட்டது. மரத்தைப் பொறுத்தவரை அந்த வழக்கு எழவே இல்லை. வெட்டியவனும் வண்டியில் இழுத்தவனும் மேசையைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

எஞ்சுவது, இப்படியொரு கோல் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு பழைய வீட்டுப் பரணில், கறுப்பு மெழுகு பூசிய தகரக் குழாய்க்குள் கிடைத்தால் அதன் அட்டையில் என்ன எழுதுவது என்பது. ஈரக் காற்றில் வச்சிரம் இளகும், கறையான் ஆஷைத் தின்னும். கருங்காலி அடி மட்டும் மிஞ்சினாலும் வியப்பில்லை. எழுதவேண்டியது நாலு வரி. பொருத்து: கைவேலை, நுனி வளைவு, நாலும் ஒரே மட்டம். தகடு: லிண்ட்ரம், 1932க்குப் பின், இரண்டு ஆணித்துளை கூடுதலாக உள்ளது, வேறு கோலிலிருந்து வந்திருக்கலாம். மரம்: அடி கருங்காலி, சாயமன்று, முன்பகுதி ஆஷ், நுனி ஓரங்குலம் குறைக்கப்பட்டது. நாலாவது வரியில் 'காடு' என்று எழுதி, எதிரே இடம் விட்டுவைக்க வேண்டும்.

(அடுத்த இதழில்: சாயவேர் கிண்டியவர்கள்)